வழிவிடுதல் – ஒரு வௌவாலை முன்வைத்து

1

வீட்டுக்குள் வௌவால் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை ஒரு தார்மீகப் பிரச்னையாக எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் நம் வட்டத்தில் சிலருக்குச் சிரிப்பு வரும். இருப்பு, மரணம், அந்நியமாதல், பிறன் என்று பெரிய சொற்களிலேயே புழங்கிப் பழகிவிட்டவர்கள் நாம். காம்யுவின் அந்நியனைப் பற்றி டீக்கடை மூடும்வரை பேசுவோம். இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்ட நிஜ அந்நியன் ஒருவனிடம் எப்படி நடந்துகொள்வது என்பது மட்டும் வீட்டுக் காரியம். அதிகம் போனால் விளக்குமாற்றின் காரியம். இந்த ஏற்பாட்டில் எனக்குச் சம்மதமில்லை. ஒழுக்கம் பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவை நாம் தயாராவதற்கு அவகாசம் தராமல்தான் வருகின்றன. அப்போது கையில் என்ன இருக்கிறது, முதலில் எந்தச் சுவிட்சைத் தொடுகிறோம் என்பதில் நம் தத்துவம் வெளிப்பட்டுவிடுகிறது.

கேள்வியைச் சுருக்கமாக வைத்துக்கொள்கிறேன். ஓர் உயிர் எனக்குப் புரியவில்லை. அதனிடம் எனக்குப் பிரியமும் இல்லை. பயம் இருக்கிறது, கொஞ்சம் அருவருப்பும் இருக்கிறது. அது என் இடத்துக்குள் வந்திருக்கிறது. அதற்கு நான் எதற்குக் கடமைப்பட்டவன்?

வழக்கமாக இதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று: எதற்கும் இல்லை, அடி. மற்றது: அதுவும் ஓர் உயிர்தானே, அதன் இடத்தில் உன்னை வைத்துப் பார், இரக்கம் பிறக்கும், இரக்கம் பிறந்தால் செய்ய வேண்டியது தானாகத் தெரியும். முதல் பதிலை மறுப்பது சுலபம். மறுத்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. என் தகராறு இரண்டாவதோடு. அதன் இடத்தில் என்னை வைத்துப் பார்க்க என்னால் முடியுமா என்பது முதல் சந்தேகம். முடிந்தாலும் அதனால் அதற்கு நன்மை விளையுமா என்பது இரண்டாவது. சரியாக நடந்துகொள்வதற்குப் புரிதல் ஒரு முன்நிபந்தனை என்று நாம் எப்படியோ நம்பத் தொடங்கியிருக்கிறோம். நம் நாவல்கள் இதை நம்புகின்றன. நம் விமர்சனமும் நம்புகிறது. வௌவால் விஷயத்தில் இந்த நம்பிக்கை செல்லுபடியாகவில்லை. செல்லாத இடத்தில்தான் அதைச் சோதிக்க வேண்டும்.

2

1974-இல் தாமஸ் நாகெல் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர், வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மனத்தை உடலின் இயக்கமாகச் சுருக்கிவிட முடியும் என்று சொன்னவர்களுக்கு எதிரான கட்டுரை அது. வௌவாலை அவர் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது நம்மைப்போல் பாலூட்டி. அதற்கு அனுபவம் என்று ஒன்று இருக்கிறது என்பதை மறுப்பது கடினம். ஆனால் அது உலகை அறியும் விதம் நம்முடைய எந்தப் புலனுக்கும் ஒப்பானதல்ல. கைகளில் தோல் விரித்துக்கொண்டு, வாயால் பூச்சி பிடித்துக்கொண்டு, பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இருப்பதாக நான் கற்பனை செய்துகொள்ளலாம். அப்போது எனக்குக் கிடைப்பது வௌவாலைப்போல் நடந்துகொள்ளும் *நான்*. வௌவாலுக்கு வௌவாலாக இருப்பது எப்படி இருக்கிறது என்பது அப்போதும் கிடைக்காது. மூடிய இடத்தில் மிரண்டுபோன வௌவாலோடு கொஞ்ச நேரம் இருந்தவர்களுக்கு இந்த அந்நியம் தத்துவத்தின் துணையில்லாமலே தெரியும் என்ற பொருளில் போகிற போக்கில் ஒரு வாக்கியமும் சொல்கிறார். கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வாக்கியம்தான். ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் அந்த அறையைவிட்டுப் போய்விடுகிறார். வௌவால் இன்னும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் இந்தச் சித்திரத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளவும் வேண்டும். நம் வீடுகளுக்குள் வருபவை இரு வகை. ஓட்டு இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் தங்கி, விளக்கைச் சுற்றும் பூச்சியைத் துரத்திக்கொண்டு வந்துவிடும் சிறு வௌவால் ஒன்று. இவற்றில் மிகச் சிறியது நான் தினமும் எண்ணிக் கட்டும் ஐந்து ரூபாய் நாணயத்தைவிட எடை குறைவு. இதுதான் நாகெலின் வௌவால். எதிரொலியால் வழி தெரிந்துகொள்வது. மற்றது, வாதாங்கொட்டையையும் கொய்யாவையும் கடித்து நம் வாசலில் போட்டுவிட்டுப் போகும் பழந்தின்னி. இது பெரும்பாலும் கண்ணையும் மூக்கையும் நம்பியே வாழ்கிறது. வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது ஆதாரமற்ற பேச்சு. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். இரண்டின் உலகமும் வேறு வேறு. ஒன்றின் அனுபவமே நமக்கு எட்டாது என்றால், வந்திருப்பது எது என்றுகூடத் தெரியாத அந்த ஒரு நிமிஷத்தில் நாம் எதன் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது?

எதிரொலி வௌவாலின் குரல் பெரும்பாலும் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. மனிதக் காதின் எல்லை அங்கே முடிந்துவிடுகிறது. நம் கூடத்தில் அது சத்தமில்லாமல் பறப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது இடைவிடாமல் கத்திக்கொண்டிருக்கிறது. பீரோவிலும் சுவரிலும் மோதித் திரும்பிவரும் தன் குரலை வைத்துக்கொண்டு அறையின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டை நம்மைவிடத் துல்லியமாக அந்தச் சில நிமிஷங்களில் அது தெரிந்துகொள்வதாகவும் இருக்கலாம்.

இதை மனிதன் தெரிந்துகொண்ட கதை நம் விஷயத்துக்கு நேரடியாக வேண்டியிருக்கிறது. 1793-இல் இத்தாலியில் லாஸரோ ஸ்பல்லான்ஸானி என்பவர் – பாதிரியார், இயற்கை விஞ்ஞானி – மெழுகுவர்த்தி அணைந்த அறையில் தான் வளர்த்த ஆந்தை முட்டி மோதுவதையும், வௌவால்கள் மோதாமல் பறப்பதையும் கவனித்தார். பிறகு வௌவால்களின் கண்களைக் குருடாக்கிப் பார்த்தார். அப்போதும் அவை மோதவில்லை. ஜெனீவாவில் லூயி ஜூரின் காதுகளை அடைத்துப் பார்த்தார். மோதின. காதுக்கும் பறப்புக்கும் என்ன சம்பந்தம் என்பது அன்றைக்கு யாருக்கும் விளங்கவில்லை. 1938-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்த டொனால்ட் கிரிஃபின், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவி ஒன்றின் முன்னால் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தபோதுதான் அந்த மௌனம் உடைந்தது. கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு.

இந்த வரலாற்றை நான் கண்டனமாகச் சொல்லவில்லை. வௌவாலைப் பற்றி நமக்கு இன்று தெரிந்தவற்றில் பாதி இப்படி வந்ததுதான். ஆனால் ஒன்று கவனிக்கத் தகுந்தது. ஸ்பல்லான்ஸானியைப்போல் அக்காலத்தில் வௌவாலைப் புரிந்துகொள்ள உழைத்தவர் யாருமில்லை. அந்த உழைப்பு வௌவாலின் கண் வழியாகத்தான் போயிற்று. புரிந்துகொள்ளும் ஆசையும் நல்லபடி நடத்தும் எண்ணமும் கூடப்பிறந்தவை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மூடிய அறை ஞாபகத்துக்கு வருகிறது.

3

புரிதல் இல்லாமல் என்ன செய்வது? செய்ய வேண்டியவை மிகச் சில. அவற்றைச் சமையல் குறிப்புபோல் எழுதிவிடலாம். எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். நம் வீடுகளில் உள்ளே வந்த வௌவாலுக்கு எமன் விசிறிதான். அடுத்து, மற்ற அறைகளுக்குப் போகும் கதவுகளைச் சாத்த வேண்டும். குழந்தைகளும் பூனையும் அந்தப் பக்கம். வெளியே திறக்கும் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அகலத் திறக்க வேண்டும். கொசுவலை இருந்தால் கழற்ற வேண்டும். விளக்கை மங்கலாக்கிவிட்டு, சத்தம் போடாமல் சுவர் ஓரமாக நிற்க வேண்டும். அது தாழ்ந்து நம்மை நோக்கி வருவதுபோல் இருக்கும். குறுகிய இடத்தில் திரும்பித் திரும்பி வேகம் குறைந்து தாழ்கிறது, வேகம் பிடித்து மறுபடி எழும்புகிறது; நம்மை அது குறிவைக்கவில்லை. தலைமுடியில் வந்து சிக்கிக்கொள்ளும் என்பது பாட்டி கதை. பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் போய்விடும். களைத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டால், கனத்த கையுறையோ மடித்த துண்டோ கையில் சுற்றிக்கொண்டு, ஓர் அட்டைப்பெட்டியை அதன்மேல் மெதுவாகக் கவிழ்த்து, பழைய காலண்டர் அட்டையைச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே செருகி, வெளியே கொண்டுபோய் உயரமான இடத்தில் சாய்த்து வைக்க வேண்டும். தரையில் விடக்கூடாது, பல வௌவால்களால் தரையிலிருந்து எழும்புவது சிரமம். வெறுங்கையால் மட்டும் தொடவே கூடாது.

கொஞ்ச நாள் முன்பு திருநெல்வேலியில் நான் குடியிருக்கும் மாடிப் போர்ஷனில் இது நடந்தது. சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அண்ணாச்சி விளக்குமாறும் கையுமாக ஏறி வந்தார்.

"தள்ளி நில்லுங்க தம்பி. ஒரே போடு."

"வேண்டாம் அண்ணாச்சி. ஃபேன் சுவிட்ச் உங்க பக்கந்தான் இருக்கு. அத மட்டும் அமத்துங்க."

"வீட்டுக்குள்ள வௌவா வந்தா ஆகாதுல்லா. பிள்ள வேற இருக்கா."

"அவ அடுத்த ரூம்ல அம்மாகூட இருக்கா. அந்தக் கதவச் சாத்திட்டு இப்படி ஓரமா வாங்க."

அவருக்கு மனமில்லை. ஆனாலும் வந்து நின்றார். விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை. இரண்டு பேரும் இருட்டில் சுவரோடு சுவராக நின்றோம். மொட்டைமாடிக் கதவு திறந்து கிடந்தது. பத்து நிமிஷம் இருக்கும். ஒரு சுற்றில் அது இருந்தது, அடுத்த சுற்றில் இல்லை.

"போயிட்டோ?"

"போயிட்டு அண்ணாச்சி."

"நம்ம ஒண்ணுமே செய்யலியே," என்றார். குரலில் ஏமாற்றம்.

அவர் ஏமாற்றத்தைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன். நாங்கள் செய்யாமல் இருக்கவில்லை. விசிறியை நிறுத்தினோம், ஒரு கதவைச் சாத்தினோம், ஒன்றைத் திறந்தோம், விளக்கைக் குறைத்தோம், நின்றோம். ஐந்து காரியங்கள். ஆனால் ஐந்தில் ஒன்றுகூட வௌவாலின்மேல் செய்யப்பட்டதல்ல. எல்லாம் அறையின்மேலும் எங்கள்மேலும் செய்யப்பட்டவை. அவர் மனசில் செயல் என்றால் அதன் முனை எதன்மீதாவது போய்ப் பட வேண்டும். விளக்குமாறு படுகிறது. இரக்கமும் அப்படித்தான் எதன்மீதாவது பட ஆசைப்படுகிறது: கையில் எடுக்க, தடவிக்கொடுக்க, தண்ணீர் புகட்ட. இப்படிக் கையில் எடுக்கப்பட்ட வௌவால் பயத்தில் கடிக்கும். கடித்தால் எடுத்தவர் உதறுவார், வீட்டில் அலறல் கிளம்பும், அண்ணாச்சியின் விளக்குமாற்றுக்கு வேலை வந்துவிடும். இரக்கத்துக்கும் கொலைக்கும் நடுவே இந்த விஷயத்தில் உள்ள தூரம் அரை நிமிஷம்.

4

நம் மரபில் இதற்கு ஒரு நல்ல வேறுபாடு இருக்கிறது. நாம் அதைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். குறளில் அன்புடைமை எட்டாவது அதிகாரம்; இல்லறத்தில் வருகிறது. அருளுடைமை இருபத்தைந்தாவது; துறவறத்தில் வருகிறது. ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்லவேண்டிய அவசியம் வள்ளுவருக்கு இல்லை. அன்பு தொடர்புடையவர்மேல் செல்வது. தொடர்பை எதிர்பார்க்காமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் – இப்படித்தான் பரிமேலழகர் பிரிக்கிறார். இதில் இன்னொரு விஷயம் உள்ளடங்கி இருப்பதாக எனக்குப் படுகிறது. தொடர்பு வேண்டாம் என்றால், தொடர்பை உண்டாக்கும் புரிதலும் பரிச்சயமும் வேண்டாம் என்றுதான் ஆகிறது. அருளுக்கு எதிரில் உள்ளதன் மனசுக்குள் புகுந்து பார்க்கிற உரிமை தேவையில்லை. அதற்கு வலிக்கும், அதற்கு வெளியே போக வேண்டும் என்ற இரண்டு தகவல் போதும்.

துறவியிடம் எதிர்பார்த்ததை மாடிப் போர்ஷன்காரனிடம் எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். நான் எதிர்பார்ப்பது பத்து நிமிஷம். வாழ்நாள் துறவு எனக்குச் சாத்தியமில்லை. என் கூடத்தைப் பத்து நிமிஷம் துறப்பது சாத்தியம். சுவர் ஓரமாக நிற்பவன் செய்வது இதைத்தான். அறையின் நடுவை அவன் விட்டுக்கொடுத்துவிட்டான். விசிறியையும் வெளிச்சத்தையும் பேச்சையும் அவனே சுருக்கிக்கொண்டான்.

மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. அந்த மதுரையில்தான் 1970-களின் இறுதியில், காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் வௌவால் குகைகளில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். இருண்ட குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் தனியாக வைத்தார்கள். வெளிச்சம் எட்டாது, மாலை எப்போது வருகிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் குகையில் சுதந்திரமாக இருந்த மற்ற வௌவால்கள் இரைக்குக் கிளம்புவதும் திரும்புவதுமாக இருந்தவரை, கூண்டில் இருந்தது தன் பொழுதைத் தவறவிடவில்லை. தன் இனத்தின் அரவத்தை வைத்தே அது மாலையை அறிந்துகொண்டது. அவர்களும் சிறை வைத்துத்தான் கற்றார்கள் என்பது உண்மை. ஆனால் ஸ்பல்லான்ஸானியின் அறைக்கும் இந்தக் குகைக்கும் நடுவே ஏதோ மாறியிருக்கிறது. வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட வௌவாலைப் பார்க்கும்போது இந்த ஆராய்ச்சி நினைவுக்கு வருகிறது. வெளியே ஒரு நேரம் போய்க்கொண்டிருக்கிறது; அது அதிலிருந்து அறுபட்டு நம் நேரத்துக்குள் வந்துவிட்டது. திரும்ப அதில் சேர்த்துவிடுவதற்கு அதன் மாலை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. கதவு எது என்று தெரிந்தால் போதும்.

5

இதுவரை சொன்னதில் எனக்குச் சௌகரியமான ஒன்று இருக்கிறது. எனக்குப் பத்திரமானதும் அதற்குப் பத்திரமானதும் ஒரே வரிசைக் காரியங்களாக அமைந்துவிட்டன. தொடாமல் இருப்பது இருவருக்கும் நல்லது. இப்படி அமையும்போது நல்லவனாக இருப்பதில் பெருமையில்லை. இரண்டும் பிரியும் இடத்துக்குப் போய்ப் பார்க்காவிட்டால் இந்தக் கட்டுரை ஏமாற்று.

விடிகாலையில் எழுந்து பார்க்கிறேன். குழந்தை தூங்கும் அறையில் சுவரில் வௌவால். கடித்ததா, பிறாண்டியதா என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியவில்லை. வௌவாலின் பல் ஊசிமுனை; கடித்த இடம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். ரேபிஸ் அறிகுறிகள் தெரிந்தபின் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. நம் நாட்டில் அது பெரும்பாலும் நாய்க்கடியால் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் அந்நோயால் ஏற்படும் மரணங்களில் முதல் காரணம் வௌவால். 2016-இல் இலங்கையிலிருந்தும் பழந்தின்னி வௌவால்களிடம் ரேபிஸுக்கு உறவான ஒரு வைரஸைக் கண்டதாக ஆய்வு வெளிவந்தது. அலட்சியம் செய்ய இடமில்லை. அமெரிக்காவில் இந்தச் சூழ்நிலையில் வௌவாலை வெளியே விடாதே, தலை சிதையாமல் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பு என்கிறார்கள். மூளையைத்தான் சோதிக்க வேண்டும். அதாவது அது சாக வேண்டும்.

இங்கே நான் குழந்தையின் பக்கம். இதில் தயக்கம் காட்டுவது பண்பாடு அல்ல, பாவனை. இரண்டு உயிரும் ஒன்றுதான் என்று மேடையில் சொல்கிறவரின் குழந்தையும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். ஆனால் பயம் சொல்வதைவிடப் பிளவு சிறியது என்பதையும் பார்க்க வேண்டும். கடியோ பிறாண்டலோ இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். அன்றே டாக்டரிடம் போய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அது இலவசம். விளக்குமாற்றால் ரேபிஸ் போகாது. அடித்து நசுக்குவது அந்தப் பரிசோதனைக்குக்கூட உதவாது. ஆக, பத்திரம் என்ற பெயரில் வீட்டில் நடக்கும் கொலைகளில் அநேகமாக எல்லாமே பத்திரத்துக்குச் சம்பந்தமில்லாதவை. என் தொழிலில் பத்திரம் என்றால் கையெழுத்தும் முத்திரையும் உள்ள காகிதம். யார் எதற்குப் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். வௌவால் விஷயத்திலும் அந்தச் சொல்லுக்கு அதே பொருள்தான். நோய்க்கு என் பொறுப்பு ஊசி. அதன் உயிருக்கு என் பொறுப்பு கதவு. ஒன்றை மற்றதன் கணக்கில் எழுதக்கூடாது.

2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா வந்தது. 17 பேர் இறந்தார்கள். முதலில் நோய் கண்ட குடும்பத்தின் கிணற்றில் வௌவால்கள் இருந்தன. உடனே அவைதான் என்று முடிவு கட்டப்பட்டது. பிடித்துச் சோதித்தார்கள். அவை பூச்சி தின்பவை, வைரஸ் இல்லை. பின்னால் பழந்தின்னி வௌவால்களில் அது இருப்பது தெரிந்தது. பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஒன்றை அது குற்றவாளியாக்கிக்கொண்டது. 2020-இல் கொரோனாவின்போது, ஊருக்குள் வௌவால்கள் தங்கும் மரங்களை வெட்டச் சொன்னவர்கள் இருந்தார்கள். தெற்காசியாவின் வௌவால் ஆய்வாளர்கள் கூடி ஓர் அறிக்கை விடவேண்டி வந்தது. அதே நாட்டில், வௌவால் தங்கும் ஆலமரத்துக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்களும் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் யாரும் நாகெலைப் படித்ததில்லை.

6

கடைசியாக நம் தொழிலுக்கு வருகிறேன், எழுத்துத் தொழிலுக்கு.

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காகம், எலி இவற்றோடு பழந்தின்னி வௌவாலும் இருந்தது. தீங்குயிர்ப் பட்டியல் அது. கொன்றால் கேள்வி இல்லை. அதே 1972-இல் இன்னொன்றும் நடந்தது. 1948-இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் பிடித்துப் பம்பாய்க்கு அனுப்பிய ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரண வகை என்று அட்டை கட்டப்பட்டு இருபது வருஷத்துக்கு மேல் அலமாரியில் கிடந்தது. கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்துக்காரர் 1970-இல் அதை எடுத்துப் பார்த்து, இது வேறு என்றார். 1972-இல் அதற்கென்று ஒரு புதிய பேரினமே வகுத்து, சாலிம் அலியின் பெயரை வைத்தார். நம் மலையின் வௌவால் அது. அலமாரியில் அது யார் என்று தெரிந்த அதே வருஷத்தில்தான் சட்டம் அதன் உறவினத்துக்குப் பொதுவாக ஓர் அட்டையை மாட்டியது. 2022-இல் நிறைவேறிய திருத்தம், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. ஐம்பது வருஷம்.

நாமும் அட்டை கட்டுகிறவர்கள்தான். புதுக்கவிதையில் வௌவாலுக்கு எத்தனை வேலை கொடுத்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்க்கலாம். பாழடைந்த கோபுரத்துக்கு அது வேண்டும். தலைகீழாகிப்போன மதிப்பீடுகளுக்கு அது வேண்டும். இரவு, காமம், சாவு, கவிஞனின் தனிமை எல்லாவற்றுக்கும் அது வந்து தொங்கியாக வேண்டும். வௌவால் தலைகீழாகத் தொங்குவதில் வௌவாலுக்கு எந்த மதிப்பீடும் தலைகீழாகவில்லை. அது அதன் நேர்நிலை. இந்தப் படிமங்கள் மோசமானவை என்பதல்ல என் புகார். அறைக்குள் வௌவால் வந்த நிமிஷத்தில் நம் கண்ணுக்கு முன் முதலில் பறப்பவை இவைதான். அண்ணாச்சியின் அபசகுனத்துக்கும் நம் படிமத்துக்கும் இந்த இடத்தில் அதிக வித்தியாசமில்லை. இரண்டும் அது நமக்கு என்ன சொல்ல வந்திருக்கிறது என்று கேட்கின்றன. அது நமக்கு எதுவும் சொல்ல வரவில்லை. பூச்சிக்கு வந்தது.

வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் நாமும் தலைகீழாகத்தான் தொங்க வேண்டும் என்று ஒரு பழமொழி இருக்கிறது. விருந்தாளி வீட்டுக்காரனின் வழக்கத்துக்கு இணங்க வேண்டும் என்பது அதன் நியாயம். வௌவால் நம் வீட்டுக்கு விருந்து வந்தால் என்ன என்று பழமொழி சொல்லவில்லை. இணங்கிப்போகும் திராணி அதற்கு இல்லை, நாற்காலியில் உட்காராது. திராணி உள்ளவன் இணங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தோன்றவில்லை. நாம் தொங்க வேண்டாம். சுவர் ஓரமாக நிற்கலாம்.

இதற்குப் பிரதிபலன் கிடையாது. போன வௌவால் நன்றி சொல்லாது. பிழைத்ததா என்றுகூடத் தெரியாது. ஐந்து கிராம் எடை மதிக்கத்தக்க ஒரு ஜாதி வௌவால் சைபீரியாவில் 41 வருஷம் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. நம் வீட்டைவிட்டுப் போனதும் அத்தனை காலம் வாழலாம், அடுத்த தெருவில் ஒரு விசிறியில் அடிபடலாம். வரவு எழுத இடமில்லாத பற்று இது. அப்படி ஒரு பற்றுக்கு மனிதன் பத்து நிமிஷம் ஒதுக்குவானா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

மறுநாள் வேறு வேலை இருக்கிறது. அது எந்த இடுக்கு வழியாக வந்தது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். வீடு நம்முடையது, அதில் சந்தேகமில்லை. அடைப்பதற்கு முன் உள்ளே வேறு வௌவால் எதுவும் இல்லை, பறக்கத் தெரியாத குட்டி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால், அது பறக்கும்வரை சிமெண்டைக் குழைக்கக்கூடாது.